அரைக் கட்டை இறக்கினா குத்தமாய்யா?

போன பொங்கல் சமயத்துல எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து. விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு கிடாரோட ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்கலாமா, கூடாதா? அவ்வளவுதான். ஆனா அதுல ஒரு பதினாலு வயசுப் பையன் பாட்டையே விட்டுட்டான். அந்தக் கடுப்புல எழுதுறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கோங்க மக்களே.

முன்கதைச் சுருக்கம். நான் புனேவுல 18 வருஷமா பொட்டி தட்டுறவன். தங்கமணிக்குக் கும்பகோணம், சின்ன வயசுல பாட்டு கத்துக்கிட்டவங்க. பையன் கிடார் வாசிப்பான், கூடவே பாடுவான். நம்ம ஊர்க்காரங்க சேர்ந்து நடத்துற பொங்கல் விழாவுல 'இளைய நிலா' பாடுறேன்னு பேர் கொடுத்திருந்தான். 1982-ல வந்த பாட்டை 2010-க்கு அப்புறம் பொறந்த பையன் பாடுறான்னு நமக்கெல்லாம் ஒரே பெருமை.

பிரச்சினை என்னன்னா, பையனுக்கு அப்பத்தான் குரல் உடைய ஆரம்பிச்சிருந்துச்சு. பல்லவி ஜம்முனு வரும். சரணத்துல மேல போற இடத்துல ஒரே ஒரு ஸ்வரம் கிறீச்சுன்னு உடையும். ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு, அவனா கிடாரோட ஆறு கம்பியையும் அரைப் படி இறக்கிட்டான். அதே விரல், அதே கார்டு, பாட்டு அரைக் கட்டை கீழ. உடைஞ்ச இடம் ஒட்டிக்கிச்சு. அழகாப் பாடினான்.

அங்கதான் வினை. கிடார் மாஸ்டர் காதுக்கு விஷயம் போச்சு. "யே தோ சீட்டிங் ஹை சர்" அப்படின்னார். ஸ்டாண்டர்டு ட்யூனிங்தான் ட்யூனிங், இறக்குறது சோம்பேறித்தனம், குரலைப் பழக்கிக்கணும்னு ஒரு லெக்சர். சரி, அவரை விடுங்க. ஒத்திகைக்குப் போனா நம்மாளு ஒருத்தர், கமிட்டி அங்கிள், "தம்பி, ஒரிஜினல்ல எப்படி இருக்கோ அப்படித்தான் பாடணும். முடியலைன்னா வேற பாட்டு எடுத்துக்க" அப்படின்னுட்டார். பையன் எதுவும் பேசலை. வீட்டுக்கு வந்து கிடாரை உறையில போட்டு மூடினவன்தான். விழாவுக்கு வரவே மாட்டேன்னுட்டான்.

இப்ப நான் கேக்குறேன். யாரு சீட்டிங்?

முதல்ல இந்த 'அரைப் படி' அப்படின்னா என்னன்னு பார்த்துடலாம். கிடாரை நம்ம மடியில வச்சுக்கிட்டா மேல இருக்கிற தடிமனான கம்பியிலிருந்து கீழ வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதுதான் ஸ்டாண்டர்டு. தடிமனான கம்பி நொடிக்கு 82.4 தடவை அதிரும். எல்லாத்தையும் ஒரு ஃப்ரெட் அளவு இறக்கினா அது ஈ ஃப்ளாட், நொடிக்கு 77.8. ஹார்மோனியத்துல ஒரு கட்டைக்கும் அதுக்கு ஒட்டின அடுத்த கட்டைக்கும், வெள்ளையோ கறுப்போ, என்ன தூரமோ அவ்வளவுதான். நம்ம பாஷையில அரைக் கட்டை.

ஏன் இறக்குறாங்க? மூணு காரணம். மூணுமே மனுஷ உடம்பு சம்பந்தப்பட்டது.

முதல் காரணம் தொண்டை. பாடுறவனுக்கு எட்டலைன்னா பாட்டைக் கீழ கொண்டு வரணும். "அப்ப கம்பியை இறக்காம வேற கார்டு போட்டு வாசிக்க வேண்டியதுதானே"ன்னு மாஸ்டர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா கிடார்னா என்னன்னு தெரிஞ்சவர் கேக்கக்கூடாத கேள்வி. ஈ மேஜர்ல ஒரு பாட்டு இருந்தா, விரல் வைக்காத திறந்த கம்பிகள் தானா அதிர்ந்து தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம் கொடுக்கும். கிடாரோட உயிரே அந்த ரீங்காரம்தான். அதே பாட்டை ஈ ஃப்ளாட்டுக்கு வேற கார்டு போட்டு வாசிச்சா, எல்லாமே ஆள்காட்டி விரலைக் குறுக்க அழுத்திப் பிடிக்கிற பார் கார்டு. ரீங்காரம் போயிடும், கையும் கடுக்கும். கம்பியையே இறக்கிட்டா விரல் பழைய இடத்துலயே இருக்கும், ரீங்காரமும் இருக்கும், பாட்டு மட்டும் தொண்டைக்குத் தோதா கீழ வந்துடும். சோம்பேறித்தனமா இது? இதுக்குப் பேர் புத்தி.

கேப்போ போடலாமேன்னு ஒருத்தர் கேட்டார். அண்ணே, கேப்போ சுருதியை ஏத்தத்தான் செய்யும், இறக்காது. ஆனா அரைப் படி இறக்கின கிடார்ல முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டா மறுபடி ஸ்டாண்டர்டு வந்துடும். அதாவது இறக்கி வச்சவன்கிட்ட ரெண்டு சுருதியும் இருக்கு. ஏறியே நிக்கிறவன்கிட்ட கீழ்ப்பக்கம் வழியே இல்ல.

ரெண்டாவது காரணம் விரல். கம்பியோட அதிர்வு அதன் இழுவிசையோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல சோனாமீட்டர் வச்சுப் பார்த்தோமே, அதேதான். அரைப் படி இறக்கினா அதிர்வு கிட்டத்தட்ட 5.6 சதவீதம் குறையும், இழுவிசை 11 சதவீதம் குறையும். ஒரு சாதாரண அக்கூஸ்டிக் கிடார்ல ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையில நிக்குது. அதுல ஏழெட்டு கிலோ குறையுது. விரல் நுனி கன்றிப்போன பசங்களைக் கேளுங்க, அந்த ஏழெட்டு கிலோ என்னன்னு சொல்லுவாங்க.

இந்த விரல் கதையில பெரிய ஆள் டோனி அயோமி, பிளாக் சாபத் குழுவோட கிடாரிஸ்ட். 1965-ல பர்மிங்ஹாம்ல ஒரு தகரத் தொழிற்சாலையில வேலை பார்த்தப்ப, பதினேழு வயசுல, மெஷின்ல ரெண்டு விரல் நுனி போச்சு. இடதுகைக்காரர், கம்பியை அழுத்துற வலது கையில ரெண்டு விரல். இனிமே வாசிக்கவே முடியாதுன்னு சொன்னாங்க. அவர் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குப்பி செஞ்சு மாட்டிக்கிட்டார். மெல்லிசான கம்பி தேடிப் போட்டார். 1971-ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல பல பாட்டுக்கு கம்பியை மூணு அரைப்படி இறக்கினார். கம்பி தளர்ந்தா விரலுக்கு வலி குறையுமேன்னு. அந்தத் தளர்ந்த கம்பியோட கனத்த சத்தத்தை எடுத்துக்கிட்டுத்தான் ஹெவி மெட்டல்னு ஒரு சங்கீத ஜாதியே வளர்ந்துச்சு. அன்னைக்கு ஒரு மாஸ்டர் பக்கத்துல நின்னு "சீட்டிங்"னு சொல்லியிருந்தா?

மூணாவது காரணம் நாதம். கம்பி கொஞ்சம் தளர்ந்தா இழுத்து வளைக்கிறது சுலபம். அவங்க பெண்டிங்னு சொல்றாங்க, நம்ம வீணைக்காரங்க தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கிறதுக்குப் பக்கத்து வீடு. ஸ்டீவி ரே வான் இதுக்கு நல்ல உதாரணம். அவர் போட்டது இரும்புக் கதவு கட்டுற மாதிரி தடிமனான கம்பி. பலர் மெல்லிசா 9, 10-ல நிக்க, இவரோடது 13-ல ஆரம்பிக்கும். ஸ்டாண்டர்டுல வச்சு அதை வளைக்கணும்னா விரல் பிஞ்சிடும். அரைப் படி இறக்கினார். கனமான நாதமும் கிடைச்சுது, வளைக்கவும் முடிஞ்சுது. அவருக்கு முன்னாடி ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1967 டிசம்பர்ல வந்த ரெண்டாவது ஆல்பத்துலருந்து பெரும்பாலும் ஈ ஃப்ளாட்தான். கிடாருக்கே சாமின்னு கும்பிடுறாங்க, ஆனா தன் குரல் மேல அவருக்கு நம்பிக்கை குறைவு. குரலுக்கு இடம் கொடுத்து கிடாரை இறக்குறதுல அவருக்குக் கவுரவக் குறைச்சல் ஒண்ணும் வரலை.

இன்னும் வேணுமா? 1965-ல 'எஸ்டர்டே' பாட்டுக்கு பால் மெக்கார்ட்னி இறக்கினது முழு ஒரு படி. 1987-ல வந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் முதல் ஆல்பம் முழுக்க அரைப் படி கீழ. 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' அதுலதான் இருக்கு. நம்ம ஊர் காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல இந்தப் பாட்டு வாசிக்காத பேண்ட் உண்டா? எங்க மாஸ்டரும் இதைத்தான் எல்லாப் பசங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். ஸ்டாண்டர்டுல! அதனாலதான் பசங்க வீட்டுக்கு வந்து ரெக்கார்டோட சேர்ந்து வாசிச்சா கர்ண கடூரமா இருக்கு. "ஒரிஜினல்ல எப்படி இருக்கோ அப்படி"ன்னு சட்டம் பேசுறவங்களுக்கு ஒரிஜினலே இறக்கித்தான் இருக்குன்னு தெரியலை. ஹி ஹி.

மெட்டாலிகா 1990-களோட பாதியிலருந்து மேடையில அரைப் படி இறக்கித்தான் வாசிக்கிறாங்க. பாடகர் ஹெட்ஃபீல்டோட தொண்டை தாங்கணுமே. 2011 அக்டோபர் 30, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். நான் புனேலருந்து ராத்திரி பஸ் பிடிச்சுப் போய் நின்னேன். சேறும் தள்ளுமுள்ளும்தான் ஞாபகம் இருக்கு. அவ்வளவு கூட்டத்துல ஒருத்தன்கூட "அரைக் கட்டை கம்மி, காசைத் திருப்பிக் கொடு"ன்னு கத்தலை.

சரி, அந்த 'ஸ்டாண்டர்டு' எங்கேருந்து வந்துச்சு? வானத்துலருந்து விழுந்துச்சா? நடு ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ்னு பல நாட்டுக்காரங்க உக்காந்து ஒத்துக்கிட்டது 1939-ல, லண்டன்ல. அதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர், கச்சேரி மண்டபத்துக்கு மண்டபம் வேற வேற. பளிச்சுன்னு கேக்கணும்னு ஆர்கெஸ்ட்ராக்காரங்க ஏத்திக்கிட்டே போக, பாடுறவங்க தொண்டை கிழிஞ்சுது. பிரான்ஸ் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டு 1859-ல 435-ன்னு கட்டுப்படுத்திச்சு. அந்தக் கமிட்டியில ரோசினி, பெர்லியோஸ் எல்லாம் இருந்தாங்க. பாருங்க, அவங்க ஊர்க் கமிட்டி தொண்டைக்காக சுருதியை இறக்கிச்சு. நம்ம ஊர்க் கமிட்டி சுருதிக்காகப் பையனை இறக்கிடுச்சு.

இன்னொரு கூத்து. பாக், ஹேண்டல் காலத்துச் சங்கீதத்தை அந்தக் காலத்து வாத்தியங்கள்ல வாசிக்கிற குழுக்கள் இன்னைக்கு ஏ ஸ்வரத்தை 415-ல வைக்கிறாங்க. 440-லருந்து அரைப் படி இறக்கினா எவ்வளவு? 415.3. ஆக, ஐரோப்பாவோட சுத்தபத்தமான சாஸ்திரியக் கோஷ்டியும் ஹெண்ட்ரிக்ஸும் ஒரே இடத்துல நிக்கிறாங்க. ஒருத்தருக்குப் பேர் பாரம்பரியம், எங்க பையனுக்குப் பேர் சீட்டிங்.

இந்தப் பக்கம் இப்படின்னா, அந்தப் பக்கம் இன்னொரு கோஷ்டி. வாட்ஸப்ல சுத்துற 432 ஹெர்ட்ஸ் பக்தர்கள். "432 பிரபஞ்சத்தின் நாதம், 440 நாஜிகள் செஞ்ச சதி, ஹெண்ட்ரிக்ஸ் இறக்கினதுக்கு இதுதான் ரகசியம்" அப்படின்னு எங்க குரூப்ல ஒருத்தர் அனுப்பிட்டார், பையனுக்கு ஆதரவாம்! சாமி, உங்க ஆதரவே வேணாம். 432-ங்கிறது அரைப் படியே இல்ல, அதுல மூணுல ஒரு பங்கு கூட முழுசா வராது. 440-ன்னு ஷைப்லர் சொன்னது 1834-ல, ஸ்டுட்கார்ட்ல. ஹிட்லர் பொறக்கவே இன்னும் 55 வருஷம் இருக்கு. ஹெர்ட்ஸ்னா நொடிக்கு இத்தனைன்னு அர்த்தம், நொடிங்கிறது மனுஷன் நாளைக் கூறு போட்டு வச்ச கணக்கு. பிரபஞ்சத்துக்கு அது எதுக்கு? அரைப் படி இறக்குறதுக்கு மந்திரம் தேவையில்ல. தொண்டையும் விரலும் போதும்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். எனக்கு மாஸ்டர் மேலகூட அவ்வளவு கோபம் இல்ல. நம்மாளுங்க மேலதான். ஏன்னா இந்த விஷயத்துல உலகத்துக்கே பாடம் எடுக்க வேண்டியவங்க நாம. கர்நாடக சங்கீதத்துல 'ஸ்டாண்டர்டு'ன்னு ஒண்ணு உண்டா? பாடுறவங்களுக்கு எது தோதோ அதுதான் சுருதி. ஆண்கள் பெரும்பாலும் ஒண்ணு, ஒண்ணரைக் கட்டை. பெண்கள் அஞ்சு, அஞ்சரை. வயலின்காரர் அதுக்கேத்த மாதிரி கம்பியை முறுக்கிக்குவார். மிருதங்க வித்வான் ரெண்டு மூணு மிருதங்கம் வச்சிருப்பார், சுருதிக்கு ஏத்ததைத் தூக்கிட்டு வருவார். எம்.டி.ராமநாதன் எவ்வளவு கீழ் சுருதியில பாடினார், அந்தக் கம்பீரத்துக்காகத்தானே இன்னைக்கும் ஆள் ஆளுக்குத் தேடிக் கேக்குறாங்க? வயசான வித்வான் போன வருஷத்தைவிட அரைக் கட்டை குறைச்சுப் பாடினா சபாவுல யாராவது எந்திரிச்சு சண்டை போட்டதுண்டா?

இந்த ஊர்லயும் அதேதான். மராத்திக்காரங்க 'காளி ஏக்', 'பாண்டரி பாச்'னு சொல்லுவாங்க. கறுப்பு ஒண்ணு, வெள்ளை அஞ்சு. நம்ம ஒண்ணரைக் கட்டையும் அஞ்சு கட்டையும்தான். 1953-லருந்து சவாய் கந்தர்வ விழா நடக்கிற ஊர் இது. அதுல வர்ற ஒவ்வொரு பாடகரும் தன் சுருதியில தம்புரா மீட்டித்தான் உக்கார்றாங்க. அந்த ஊர்ல இருந்துக்கிட்டு மாஸ்டர் சீட்டிங்கிறார்.

மெல்லிசைக் குழுவுல என்ன நடக்குது? பாடுற அம்மா வந்து "இன்னைக்குத் தொண்டை சரியில்ல, அரைக் கட்டை குறைச்சுக்கோங்க"ன்னா கீபோர்டு தம்பி டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு அமுக்கு. முடிஞ்சுது கதை. அதை யாரும் சீட்டிங்னு சொல்றதில்ல. பட்டன் அமுக்கினா தொழில்நுட்பம், கையால ஆறு கம்பியைத் திருகினா தப்பாட்டம். என்னங்கடா நியாயம் இது?

மாஸ்டர் பக்கம் கொஞ்சமும் நியாயம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. கத்துக்கிற முதல் வருஷம் எல்லாரும் ஒரே சுருதியில இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். சேர்ந்து வாசிக்கிற கீபோர்டுக்காரர்கிட்ட சொல்லாம இறக்கினா மானம் போகும். மெல்லிசான கம்பியை ரொம்ப இறக்கினா லொடலொடன்னு ஃப்ரெட்ல இடிக்கும். இறக்கினதும் கழுத்துல இழுவை மாறுறதால முதல்ல வச்ச கம்பி கடைசிக் கம்பி வைக்கிறதுக்குள்ள நகர்ந்திருக்கும், ரெண்டு சுத்து சரி பார்க்கணும். வேணுங்கிற அளவுக்குக் கீழ இறக்கிட்டு அங்கேருந்து மேல ஏத்தி நிறுத்தணும், அப்பத்தான் நிக்கும். இதையெல்லாம் சொல்லிக் கொடுங்க மாஸ்டர், கை எடுத்துக் கும்பிடுறோம். "எப்படி இறக்கணும்"னு சொல்லிக் கொடுக்கிறது பாடம். "இறக்குறவன் ஏமாத்துறான்"னு சொல்றது பாடம் இல்ல.

"குரலைப் பழக்கிக்கணும்"ங்கிறதும் பாதிதான் சரி. வளர்ந்த குரலைப் பழக்கலாம். உடையுற குரலை வருத்தக்கூடாது. பதிமூணு பதினாலு வயசுல குரல்வளை வளருது, நேத்து எட்டின ஸ்வரம் இன்னைக்கு எட்டாது. அந்த ஒரு வருஷம் சுருதியை இறக்கிக் கொடுத்தா பையன் பாடிக்கிட்டே அந்தப் பாலத்தைத் தாண்டிடுவான். இறக்க மாட்டேன்னா பாட்டை விட்டுடுவான். அப்புறம் நாப்பது வயசுல எங்கேயாவது ஒரு ஊர்ல உக்காந்து "சின்ன வயசுல நல்லாப் பாடுவேன்"னு சொல்லிட்டிருப்பான். என்னை மாதிரி. எனக்கும் அதே வயசுலதான் நின்னுச்சு. அப்ப 'சுருதியைக் குறைச்சுக்கடா'ன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

பொங்கல் விழாவுக்கு நாங்க போகலை. அன்னைக்கு சாயங்காலம் தங்கமணி பையன் ரூமுக்குப் போய் கிடார் உறையைத் திறந்து அவன் கையில கொடுத்தாங்க. "அரை இல்லைன்னா ஒண்ணு இறக்கு. உன் சுருதி எதுவோ அதைக் கண்டுபிடி, பாட்டு அங்க வரும்" அப்படின்னாங்க. அரை மணி நேரம் ஒண்ணும் சத்தமில்ல. அப்புறம் கம்பி முறுக்குற சத்தம். ரெண்டு சுத்து. அப்புறம் பாட்டு. அடுப்படியில நான் பாத்திரம் கழுவுறதை நிறுத்திட்டு நின்னேன்.

கமிட்டி அங்கிளுக்கு ஒரு வேண்டுகோள், மரியாதையாத்தான் கேக்குறேன். பங்கேற்பாளர் படிவத்துல பேர் கேக்குறீங்க, வயசு கேக்குறீங்க, எந்த ஊர்லருந்து வந்தவங்கன்னுகூடக் கேக்குறீங்க. அடுத்த தடவை இன்னொரு கட்டம் போடுங்க. 'சுருதி' அப்படின்னு. பசங்க என்ன எழுதுறாங்களோ, டிராக்கை அங்க கொண்டு வந்து வைங்க. இன்னைக்கு போன்லயே பண்ணலாம், ஒரு நிமிஷ வேலை. வர மாட்டேன்னு வீட்ல உக்காந்திருக்கிற இன்னும் நாலு பசங்க வருவாங்க.

பி.கு.: மாஸ்டர்கிட்ட ஸ்வீட் சைல்ட் ஓ மைன் ஒரிஜினல் ரெக்கார்டைப் போட்டு, கூட வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு வரி வாசிச்சார், நிறுத்தினார், கிடாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த வகுப்புலருந்து அந்தப் பாட்டுக்கு மட்டும் இறக்கிச் சொல்லிக் கொடுக்கிறாராம். பையன் சொன்னான். :-)